அதே படங்கள், அதே கேள்விகள்

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்பு தேவலை. உன் தொண்டை எப்படி இருக்கிறது? நாளெல்லாம் குழந்தைகளோடு கத்திவிட்டு, வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருப்பாய். நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். எங்கள் வீடு ஒன்றரை அறை. நான் போனில் "ஏய், கேளுடி" என்று ஆரம்பித்தாலே என் பெண் வாலு ஓடிவந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. முகம் சுருங்கிப்போகிறது. அதனால்தான் இந்தப் பேப்பரும் பேனாவும்.

பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பு டீச்சர் நல்லவர்தான், ஆனால் அலுத்துப்போயிருக்கிறார். "நான் ஒண்ணு சொன்னா இவ ஒண்ணு செய்யறா. புத்தகத்தை உள்ள வைக்கறதுக்கு முன்னாடி நோட்டை எடுன்னு சொன்னா, புத்தகத்தை உள்ள வச்சுட்டு என்னையே பாத்துட்டு நிக்கறா. காது கேக்குதான்னு பாருங்க" என்றார். பார்த்தாயிற்று. காது சுத்தமாகக் கேட்கிறது. அதைச் சொன்னதும், "அப்ப இது அடம்தான்" என்று முடித்துவிட்டார்.

பரீட்சையில் மூன்று தடவை கோட்டை விட்ட பையனையே டியூஷனில் கரையேற்றியவள் நான். என் பெண்ணுக்கு ஏழு வயது. அவளோடு உட்கார்ந்தால் எனக்கே நாக்கு வறண்டுபோகிறது. குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது உன் தொழிலாச்சே, இது என்னவென்று சொல்லேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 26

அன்புள்ள அக்கா,

தொண்டை அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. உன் முழங்கால் வலி எப்படி? மாடிப்படி ஏறும்போது இன்னும் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாயா?

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். என் அறையை நீ பார்த்ததில்லையே. ஒரு குட்டி மேசை, இரண்டு குட்டி நாற்காலி, வாயைப் பார்த்துப் பேச ஒரு கண்ணாடி. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு முதுகே வளைந்துவிட்டது. வெளியே நடையில் பெஞ்சு நிறையப் பெற்றோர்கள். எல்லோரும் சொல்லி வைத்தாற்போல உன் டீச்சர் சொன்னதைத்தான் சொல்கிறார்கள்: கவனமில்லை, அடம், சோம்பேறி.

எனக்காக ஒரு காரியம் செய். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, வகுப்பின் பின்பக்க ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்று வாலுவைப் பார். டீச்சர் பொதுவாக ஒன்று சொல்லும்போது அவள் கண் எங்கே போகிறது என்று பார். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல். அவள் சொல்வதைத் திருத்தாமல், அழகுபடுத்தாமல், அப்படியே எனக்கு எழுது. நீ டியூஷன் டீச்சர், கை அரிக்கும். அடக்கிக்கொள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். நீ சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு, கடிதம் படிக்காதே.

ஜன்னலில் நின்று பார்த்தேன். டீச்சர் எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள், வாலுவும் எழுந்தாள். பாடத்தைத் திறக்கச் சொன்னார், திறந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன். அவள் டீச்சரைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் என்ன செய்கிறாளோ, அதை ஒரு நொடி கழித்து இவள் செய்கிறாள். அந்தப் பெண் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது இவள் ஒரு பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் புரியாமல் சிரித்தாளடி.

வீட்டில் கேட்டதற்கு அவள் சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன்: "அவன்... அது போட்டான். அப்றம் மிஸ்ஸு... அங்க. அது போச்சு. நான் இல்ல." யார் எதைப் போட்டான், எது போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உன் அத்தான் லாரியிலிருந்து இறங்கியதும் சொன்னேன். "எங்கப்பா அஞ்சு வயசு வரைக்கும் வாயே தெறக்கலையாம். அப்புறம் சாகற வரைக்கும் மூடவே இல்ல" என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

சீக்கிரம் எழுது. ஒழுங்காகத் தூங்கு.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

இங்கே நான் சுகம். நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வாலுவுக்கு இருப்பது மொழி வளர்ச்சிக் குறைபாடாக இருக்கலாம். அவள் மக்கு இல்லை. அடமும் இல்லை. நீ வளர்த்ததில் எந்தத் தப்பும் இல்லை, இதை மட்டும் இரண்டு தடவை படி. காது கேட்கிறது, மூளை கூர்மையாக இருக்கிறது, ஆனால் வார்த்தைகள் கோர்வையாக வரும்போது அவளால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. வாக்கியத்தின் பின்பாதி வந்து சேர்வதற்குள் முன்பாதி நழுவிவிடுகிறது. கெட்டிக்காரியாக இருப்பதால்தான் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து இத்தனை நாள் சமாளித்திருக்கிறாள். இப்படிச் சமாளிக்கிற குழந்தைகள் எங்கள் கண்ணுக்கே தப்பிப் போகிறார்கள்.

உங்கள் ஊரில் ஒரு மையம் இருக்கிறது. அதில் மொழி வகுப்பு என்று ஒன்று நடக்கிறது. எட்டே குழந்தைகள், ஒரு டீச்சர், என்னைப் போல ஒரு பேச்சுப் பயிற்சியாளர். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்வார்கள், படத்தோடு சொல்வார்கள், குழந்தை பதில் தேடும் வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். இந்தக் காத்திருத்தல்தான் எங்கள் தொழிலிலேயே கஷ்டமான பாடம். அங்கே ஒரு இடம் காலியாகப் போகிறது, அதுவும் ஜூனில். எட்டு வயது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். வாலுவுக்கு அக்டோபரில் எட்டு. அதனால் இந்த ஒரு வாய்ப்புதான்.

அதற்கு முதலில் ஒரு மதிப்பீடு செய்வார்கள். பயந்துவிடாதே, ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. படம் காட்டிக் கதை சொல்லச் சொல்வார்கள், சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் அதே படங்கள், அதே கேள்விகள்தான். போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வா.

தங்கை

ஏப்ரல் 3

அன்புத் தங்கைக்கு,

சுகம்தான். உனக்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

பதிந்துவிட்டேன். மே முதல் வாரம் வரச் சொன்னார்கள். அந்த மையத்தில் பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் நாலைந்து அம்மாக்களோடு பழக்கமாகிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, பக்கத்தில் ஆள் இருந்து நான் பேசாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதில் ஒருத்தியின் மகனுக்குப் போன மாதம்தான் மதிப்பீடு முடிந்ததாம். அந்தப் பையனும் நல்ல சூட்டிகை. இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தேன்.

டியூஷன் பிள்ளைகளை மே மாதம் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் முழுக்க வாலுவோடுதான் உட்காருகிறேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நேரமாகிவிட்டது, அவள் காத்திருக்கிறாள்.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

நீயா டியூஷனை நிறுத்தினாய்! உனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நிறுத்தாதவள்! கடிதத்தைப் பக்கத்து அறைத் தோழியிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். "எங்க அக்கா மாதிரி அம்மா கெடைச்சா நமக்குப் பாதி வேலை மிச்சம்" என்றேன்.

அவளோடு உட்காரும்போது இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவள் "நாய் ஓடிச்சு பூனை" என்றால், தப்பு என்று சொல்லாதே. "ஆமா, நாய் பூனையைத் துரத்திச்சு" என்று நீ சரியாகச் சொல்லிவிட்டு விட்டுவிடு. திருப்பிச் சொல்ல வைக்காதே. விளையாட்டாக இருக்கட்டும்.

என் தொண்டைக்கு ஒரு மாதம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உன் முழங்காலைக் கவனி.

தங்கை

மே 8

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் பரம சுகம்! உனக்கும் இந்தக் கடிதம் பார்த்தால் தொண்டை சரியாகிவிடும்!

வாலு பாஸ்! கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் மதிப்பீடு செய்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "வயசுக்குத் தக்கபடிதான் பேசறா. மொழிக் குறைபாடு இருக்கறதா எங்களுக்குத் தெரியல. கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்" என்றார். முத்திரை குத்தி எழுதியும் கொடுத்துவிட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். வாலு என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

உன் அத்தான் பெரிய கேக் வாங்கிவந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நீ சொன்னது பொய்த்துவிட்டதே என்று கோபித்துக்கொள்ளாதே. டாக்டர்கள்கூடத் தப்பாகச் சொல்வது உண்டு. பள்ளிக்கூடத்திலும் காட்டிவிட்டேன். இனி யாரும் என் பெண்ணைக் குறை சொல்ல முடியாது.

அக்கா

மே 17

அக்கா,

நலம் விசாரிக்க இப்போது மனம் இல்லை, மன்னித்துக்கொள்.

அந்த மதிப்பீட்டில் பாஸ், பெயில் கிடையாது. குழந்தை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறாள் என்று பார்க்கத்தான் அது. விழுந்தால்தான் தூக்கிவிட ஆள் கொடுப்பார்கள். ஜன்னல் வழியாக நீ பார்த்த பெண் மூன்று மாதத்தில் வயதுக்குத் தக்கபடி பேசிவிட மாட்டாள். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததில்லை.

நேராகவே கேட்கிறேன். பெஞ்சில் பார்த்த அந்தப் பையனிடமிருந்து கேள்விகளைக் கேட்டு வாங்கினாயா? வாலுவை மனப்பாடம் செய்ய வைத்தாயா? பரீட்சை என்றதும் உன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அதே படங்கள், அதே கேள்விகள்" என்று எழுதிக்கொடுத்தது நான்தான். எதுவும் சொல்லிக்கொடுக்காதே என்று ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. உன்னைத் திட்டவில்லை அக்கா. ஆமாம் என்றால் அந்தக் கண்ணாடி அம்மாவிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடு. ஜூன் கடைசி வரை அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். வேறு முறையில் பார்க்க வழி இருக்கிறது. தயவுசெய்து போ.

தங்கை

ஜூலை 4

அக்கா,

உடம்புக்கு எதுவும் இல்லையே? பதில் இல்லை. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் அத்தான்தான் எடுக்கிறார், "குளிக்கறா" என்கிறார். ஒரு மனுஷி இவ்வளவு குளித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

மொழி வகுப்பு இடத்தை வேறு ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்களாம். அது அந்தக் குழந்தையின் தப்பில்லை. ஆனால் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெறும் "இருக்கேன்" என்று ஒரு வரியாவது எழுது.

தங்கை

ஆகஸ்ட் 19

அன்புத் தங்கைக்கு,

இருக்கிறேன். உன் இரண்டு கடிதத்தையும் வைத்திருக்கிறேன். உன் உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை.

போன வாரம் பள்ளிக்கூட மாடிப்படியில் ஒரு பையன் விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. அவனுக்கு மேல்படியில் வாலு நின்றிருக்கிறாள். வேறு யாரும் பார்க்கவில்லை. இவள்தான் தள்ளினாள் என்று அவன் சொல்கிறான். என்னை வரச் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் அறையில் அந்தப் பையனின் பெற்றோர், வகுப்பு டீச்சர், நான். நடுவில் வாலு. எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். தலைமை ஆசிரியர் கோபப்படவே இல்லை. "பயப்படாதம்மா. அங்க என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லு" என்றுதான் கேட்டார்.

வாலு என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையை நேராகத் தொங்கவிட்டுக்கொண்டு, திக்காமல் திணறாமல் சொன்னாள்: "மழை பெய்ததால் அந்தப் பெண் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். வழியில் ஒரு நாய்க்குட்டி நனைந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்."

நீ மே மாதம் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அந்தப் பையனின் அம்மா, "திமிரைப் பாத்தீங்களா" என்றாள். தலைமை ஆசிரியர் மறுபடி கேட்டார். வாலு முதலிலிருந்து அதையே சொன்னாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. சரியாகச் சொல்லவில்லையோ என்று நினைத்திருக்கிறாள். நான் குறுக்கே விழுந்து, "சார், அவளுக்குச் சொல்லத் தெரியாது சார், அவளுக்கு மொழியில குறை இருக்கு" என்றேன். அவர் மேசையைத் திறந்து, முத்திரை குத்திய அந்தச் சான்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீங்கதானம்மா கொண்டுவந்து குடுத்தீங்க" என்றார்.

அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்தே நிறுத்திவிட்டார்கள். அவள் தள்ளினாளா, பிடிக்கப் போனாளா, அவன்தான் இவளை ஏதாவது செய்தானா? இவளுடைய தோளிலும் ஒரு காயம் இருக்கிறது. எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதே போதும். சாப்பிடுகிறாயா? வாலுவின் தோள் காயத்துக்கு மருந்து போட்டாயா?

உன் கடிதம் வந்த அன்றே அந்தக் கண்ணாடி அம்மாவுக்கு நானே எல்லாவற்றையும் எழுதினேன். மதிப்பீடு எப்படி நடக்கும் என்று உனக்கு எழுதிக்கொடுத்தது நான்தான் என்பதையும் சேர்த்து. மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறார். பழைய முடிவைச் செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் வாலுவுக்கு இப்போது கேள்விகள் மனப்பாடம் என்பதால் ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி பார்க்க முடியுமாம். அதற்குள் அவளுக்கு எட்டு முடிந்துவிடும். மொழி வகுப்பு இனி இல்லை. மாதம் ஒரு முறை அரை மணி நேரப் பயிற்சி தருவார்கள், அதற்கும் வரிசை இருக்கிறது. அவளைப் போன்ற குழந்தைக்கு அரை மணி நேரம் எந்த மூலைக்கு என்று உனக்கு நான் பொய் சொல்ல விரும்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் எழுதினேன். பதில் இல்லை.

இங்கே என்னையும் மதிப்பீட்டு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பொம்மைகளைத் துடைத்து அடுக்குகிறேன். நியாயம்தான். விடுப்பு கேட்டேன், கிடைக்கவில்லை.

உன்னை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொஞ்ச நாள் அவளிடம் கேள்வியே கேட்காதே. என்ன, ஏன், எங்கே, எதுவும் வேண்டாம். நீ செய்வதை நீயே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய். "அம்மா தண்ணி ஊத்தறேன்." "சூடா இருக்கு." அவ்வளவு போதும். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். அவளாக ஒரு வார்த்தை சொல்லும் வரை காத்திரு.

தங்கை

அக்டோபர் 23

அன்புத் தங்கைக்கு,

எங்களுக்கு அவ்வளவு சுகமில்லை. நீயாவது நன்றாக இரு.

வேறு பள்ளிக்கூடம் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. படிக்கட்டு விஷயம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உன் அத்தான் முன்போல வீட்டுக்கு வருவதில்லை. வந்தாலும் வாலுவின் தலையைத் தடவிவிட்டு லாரிக்கே போய்விடுகிறார். தெருவில் கேக் கொடுத்த மனுஷர், எந்த முகத்தோடு நடப்பார். டியூஷனையும் முழுசாக விட்டுவிட்டேன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்து என் வாயைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை.

நீ சொன்னபடிதான் செய்தேன். கேள்வி கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறேன், துணி மடிக்கிறேன் என்று பைத்தியம் மாதிரி எனக்கு நானே பேசிக்கொண்டு வளைய வந்தேன். அவள் என் பின்னாலேயே வந்து நான் சொல்வதை எல்லாம் உதட்டுக்குள் மனப்பாடம் செய்கிறாளடி. அடுத்த பரீட்சைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான்கு நாளாக அவளுக்குக் காய்ச்சல். சாப்பிடவில்லை, சுருண்டு சுருண்டு படுக்கிறாள். நேற்று டாக்டரிடம் தூக்கிப் போனேன். வயதான டாக்டர், பொறுமைசாலி. "எங்கம்மா வலிக்குது? வயிறா, காதா, தலையா?" என்று கேட்டார். வாலு என் வாயையே பார்த்தாள். "என்னைப் பாக்காத கண்ணு, உனக்கு எங்க வலிக்குதோ அதைச் சொல்லு" என்றேன். அவள் என் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, காதோடு வாயை வைத்துக் கேட்டாள்: "எதும்மா சரி?"

நான் காத்திருந்தேன். நீ சொன்னாயே, காத்திரு என்று, அப்படிக் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். வெளியே அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். கடைசியில் நானே வயிறு என்று சொல்லிவிட்டேன். உடனே அவள் முகம் மலர்ந்தது. "வயிறு" என்று அவரிடம் தெளிவாகச் சொன்னாள். வயிற்றுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் இன்னும் விடவில்லை.

அக்கா